‘நடத்தை மாற்றம்’ என்ற இரண்டு சொற்கள்: லூபஸ் நோயாளரின் மூளைப் படங்கள் குறித்து ஒரு திறந்த மடல்

வட மாகாண சுகாதார நிருவாகத்தினருக்கும், எங்கள் அரச வைத்தியசாலைகளின் பொது மருத்துவ, மனநல, கதிரியல் பிரிவுகளில் கடமையாற்றும் வைத்திய நிபுணர்களுக்கும்,

மதிப்பிற்குரியீர்,

என் மகளின் கிளினிக் கோப்பில் ஒரு கடதாசி இருக்கிறது. மூளையைப் படமெடுப்பதற்காக விடுதியிலிருந்து கதிரியல் பிரிவுக்கு அனுப்பப்பட்ட கோரிக்கைப் படிவத்தின் பிரதி அது. பெண், வயது 24 என்பதற்குக் கீழே, நோய் விபரம் எழுதவேண்டிய இடத்தில் இரண்டே சொற்கள் உள்ளன: ‘நடத்தை மாற்றம்’. அவளுக்கு மூன்று ஆண்டுகளாக லூபஸ் (உடலின் நோயெதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் நோய்) இருந்ததோ, அது சிறுநீரகத்தைத் தொட்டிருந்ததோ, நாளுக்கு 20 மில்லிகிராம் பிரெட்னிசொலோன் என்ற ஸ்ரிரொயிட் மருந்து குடித்துக்கொண்டிருந்ததோ, முந்திய கிழமை முழுவதும் காய்ச்சல் காய்ந்ததோ அதில் இல்லை. அந்தப் படிவத்துக்கு வந்த மறுமொழியும் அதே அளவுதான்: சி.ரி. படத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. படம் பார்த்தவரை நான் குறை சொல்லவில்லை. அவரிடம் ஒன்றும் கேட்கப்படவில்லை. ஆகவே அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

எந்த வைத்தியசாலை, எந்த விடுதி என்று எழுதப்போவதில்லை. பழி சுமத்துவதற்காக எழுதுவதாயின் முதலில் என் பெயரையே எழுதவேண்டியிருக்கும். முப்பது ஆண்டுகள் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் கற்பித்தவள் நான். நிர்ப்பீடனத் தொகுதி தன் உடலையே தாக்கும் நோய்களைப் பற்றிக் கரும்பலகையில் எழுதியவள். அப்படியிருந்தும், “அம்மா, பின்வளவுக்குள்ள ஆரோ என்ர பெயரைச் சொல்லிக் கதைக்கினம்” என்று மகள் முதன்முதலாகச் சொன்ன இரவில் அதை நோயென்று நான் நினைக்கவில்லை. மறுநாள் அவள் வீட்டிலிருந்த மின்குமிழ்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றி, அவை காதுகொடுத்துக் கேட்கின்றன என்று சொல்லி, அரிசி வாளிக்குள் புதைத்து மூடினாள். அவளுடைய பெரியம்மா, பிள்ளைக்கு ஆரோ செய்துபோட்டினம் என்று சொல்லி நூல் கட்டுவித்தார். ஐந்து நாட்கள் அப்படிப் போயின. வைத்தியசாலைக்குக் கொண்டுபோனபோதும், வேறு ஏதாவது வருத்தம் உண்டா என்று கேட்டவருக்கு, “மூட்டு வருத்தத்துக்கு மருந்து குடிக்கிறவ” என்றுதான் சொன்னேன். லூபஸ் என்ற சொல் வெளியில் தெரிந்தால் நாளைக்குக் கலியாணம் பேசும் இடத்தில் கதை வரும் என்பதால், எங்கள் வீட்டில் அதற்கு மூட்டு வருத்தம் என்றே பெயர் வைத்திருந்தோம். இது எங்கள் வீட்டில் மட்டும் நடப்பதல்ல என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். லூபஸ் கிளினிக் கொப்பி அந்நேரம் முழுவதும் என் கைப்பையில்தான் இருந்தது. ஒருவரும் கேட்கவில்லை, நானும் நீட்டவில்லை.

சி.ரி. ‘நல்லாயிருக்கு’ என்று வந்த மறுநாள் அவளை மனநலப் பிரிவுக்கு மாற்றினார்கள். ஊரார் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். அதை இங்கே எழுத மனம் வரவில்லை. அங்கே ஒன்பது நாட்கள் இருந்தாள். அவளை அங்கே அன்பாகவே நடத்தினார்கள் என்பதைச் சொல்லவேண்டும். ஒன்பதாம் நாள் வலிப்பு வந்தது. அவளைத் துடைத்துக்கொண்டிருந்த தாதி ஒருவர், மூக்கின் இருபுறமும் கன்னங்களில் படர்ந்திருந்த சிவப்பையும் வீங்கிய கணுக்காலையும் பார்த்து, “அம்மா, பிள்ளைக்கு வேற கிளினிக் கொப்பி ஏதும் இருக்கோ?” என்று கேட்டார். கொப்பி அப்போதுதான் கைப்பையை விட்டு வெளியே வந்தது. எம்.ஆர்.ஐ. எடுக்கப்பட்டபோது முதல் குரல் கேட்ட இரவிலிருந்து 21 நாட்கள் கடந்திருந்தன.

அந்த 21 நாட்கள் படத்திலிருந்து எதை அழித்தன என்பதைச் சொல்லவே இந்த மடலை எழுதுகிறேன்.

லூபஸ் மூளையைத் தாக்கும் என்பது புதிய செய்தியல்ல. அமெரிக்க மூட்டுவாதவியல் கல்லூரி 1999ஆம் ஆண்டில் வகுத்த பட்டியலில் இந்நோயோடு சேர்ந்து வரக்கூடிய நரம்பு, உளப் பாதிப்புகள் 19 உள்ளன. அவற்றில் 12 மூளையையும் முண்ணாணையும் சேர்ந்தவை. வலிப்பு, பாரிசவாதம் போன்ற எவரும் கவனிக்கும் பாதிப்புகளோடு, உளப்பிறழ்வு, மனச்சோர்வு, பதகளிப்பு, ஞாபகக் குறைவு, கடும் குழப்பநிலை ஆகியவையும் அங்கே இடம்பெற்றுள்ளன. 2019ஆம் ஆண்டின் ஐரோப்பிய, அமெரிக்கக் கூட்டு வகைப்பாட்டில் உளப்பிறழ்வுக்கும் வலிப்புக்கும் தனித்தனியே புள்ளிகள் கொடுக்கப்பட்டுள்ளன. அதைவிட முக்கியமானது, மூளை சார்ந்த பாதிப்புகளில் பாதிக்கும் அதிகமானவை லூபஸ் தொடங்கும் வேளையிலோ, அது கண்டறியப்பட்டு ஓராண்டுக்குள்ளோதான் வருகின்றன. அதாவது, கிளினிக் கொப்பியே இல்லாத நிலையில் மனநலப் பிரிவின் வாசலுக்கு முதலில் வந்துசேரும் பிள்ளைகளும் இருப்பார்கள். இந்நோய் பெரும்பாலும் பிள்ளைபெறும் வயதுப் பெண்களையே பிடிக்கிறது. நோயுற்றோரில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். அந்த வயதுப் பெண்ணொருத்தி திடீரென்று மாறிப் பேசினால் எங்கள் சமூகம் முதலில் தேடுவது காதல் தோல்வியையும் பரீட்சைப் பயத்தையும்தான்.

எனினும், லூபஸ் உள்ள ஒருவருக்கு மனம் பிறழ்ந்தால் அது லூபஸால்தான் என்று எடுத்த எடுப்பில் முடிவுகட்டுவதும் அதே அளவு ஆபத்தானது. இத்தகைய நிகழ்வுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே நேரடியாக லூபஸால் ஏற்படுவதாக நெடுநாள் தொடர்ந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. மிகுதிக்கு வேறு காரணங்கள் உண்டு. நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்து குடிப்பவருக்குக் காசநோய்க் கிருமி மூளைச் சவ்வில் பரவலாம். சிறுநீரகம் கெட்டு இரத்த அழுத்தம் ஏறும்போது மூளையின் பின்பகுதி வீங்கிப் பார்வை மங்கலாம், வலிப்பு வரலாம். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தினால் அது பெரும்பாலும் மீளும். பிரெட்னிசொலோனே மனத்தைக் குழப்பலாம். 1972இல் வெளியான பொஸ்ரன் ஆய்வில், நாளுக்கு 40 மில்லிகிராம் வரை குடித்தவர்களில் 1.3 வீதத்தினருக்கும், 80 மில்லிகிராமுக்கு மேல் குடித்தவர்களில் 18.4 வீதத்தினருக்கும் உளக்கோளாறு கண்டது. மாரிகாலத்தில் எங்கள் குடாநாட்டில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்ளும்: காய்ச்சலும் பிளேற்லற் குறைவும் தடுமாற்றமும் சேர்ந்து வந்தால் எல்லோரும் டெங்கு என்பார்கள், லூபஸின் கொதிப்பும் அதே முகத்தோடு வரக்கூடும். பிரெட்னிசொலோனால் வந்த குழப்பமென்றால் அதைக் குறைக்கவேண்டும். லூபஸால் வந்ததென்றால் கூட்டவேண்டும். கிருமியால் வந்ததென்றால் கூட்டுவதே ஆளைக் கொன்றுவிடும். இப்படிப்பட்ட நாற்சந்தியில் நிற்கும் வைத்தியருக்குப் படம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை எழுதுவது, உங்களுக்குக் கற்பிப்பதற்காக அன்று. இம்மடலை வாசிக்கும் பெற்றோருக்காக.

சி.ரி. விரைவானது, தலைக்குள் இரத்தம் கசிந்ததா, பெரிய கட்டி அழுத்துகிறதா என்பதைச் சில நிமிடங்களில் சொல்லிவிடும். அவசரப் பிரிவில் அதை முதலில் எடுப்பதில் பிழையில்லை. ஆனால் லூபஸ் மூளையில் விடும் தடங்கள் பெரும்பாலும் சிறியவை. மெல்லிய குருதிக்குழாய்களின் ஓரமாக, வெண்பொருளுக்குள் மிளகளவிலும் எள்ளளவிலும் கிடப்பவை. சி.ரி. அவற்றைத் தவறவிடும். மூளையின் நாளங்களுக்குள் குருதி உறைந்திருந்தாலும், நாளங்களுக்கென்று தனியாகப் படமெடுக்காவிட்டால் அது தப்பிவிடக்கூடும். ஆகவே சி.ரி. ‘நல்லாயிருக்கு’ என்பது லூபஸைப் பொறுத்தவரை ஏறத்தாழ ஒன்றும் சொல்லாததற்குச் சமம்.

எம்.ஆர்.ஐ. அதைவிட நுணுக்கமாகப் பார்க்கும். ஆனால் அதுவும் தீர்ப்புச் சொல்லும் நீதவான் அல்ல. மூளை, உளப் பாதிப்புகள் உள்ள லூபஸ் நோயாளரிலேயே பாதிக்கு அண்மித்தோரின் வழமையான எம்.ஆர்.ஐ. படத்தில் ஒரு மாற்றமும் தெரிவதில்லை. பாரிசவாதம்போல ஓரிடத்தைத் தாக்கும் பாதிப்பில் படம் பேசும். உளப்பிறழ்வு, குழப்பநிலை போன்ற, மூளை முழுவதும் பரந்த பாதிப்புகளில் அது பெரும்பாலும் மௌனம் காக்கும். ஏனெனில் அங்கே நடப்பது திசு சிதைவதல்ல. குருதிக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பைத் தாண்டிய பிறபொருளெதிரிகள் நரம்புக் கலங்களின் தொழிற்பாட்டைக் குழப்புவதுதான் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். மறுபக்கத்தில், மனத்தில் எந்தக் குழப்பமுமில்லாத லூபஸ் நோயாளரின் படத்திலும் வெண்புள்ளிகள் இருக்கலாம். நெடுநாள் இரத்த அழுத்தமுள்ளவருக்கும், ஒற்றைத் தலைவலிக்காரருக்கும், வயதானவருக்கும் இருக்கலாம். 65 வயதில் பொருட்படுத்தாமல் விடக்கூடிய ஆறு புள்ளிகள் 24 வயதில் கேள்வியாகும். அந்தக் கேள்வியைக் கேட்க, படம் வாசிப்பவருக்கு வயது தெரிந்தால் மட்டும் போதாது, நோயும் தெரியவேண்டும்.

அப்படியானால் எதற்காக எடுப்பது? இரண்டு காரியங்களுக்காக. முதலாவது, சீழ்க்கட்டி, கிருமித்தொற்று, அழுத்தத்தால் வந்த வீக்கம் போன்ற வேறு காரணங்களை விலக்குவது. இரண்டாவது, என் மகளின் விடயத்தில் தவறிப்போனது: நடந்தது குருதி உறைவா, அழற்சியா என்பதைப் பிரிப்பது. லூபஸ் நோயாளரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் குருதியை உறையச் செய்யும் பொஸ்போலிப்பிட் எதிர்ப்புப் பிறபொருளெதிரிகள் காணப்படுகின்றன. உறைவால் மூளையின் சிறு பகுதி இறந்திருந்தால் வாபரின் போன்ற, குருதி உறைவதைத் தடுக்கும் மருந்து வேண்டும். அழற்சியென்றால் உயர்ந்த அளவில் ஸ்ரிரொயிட்டும், கடுமையானால் நிர்ப்பீடனத்தை அடக்கும் சைக்குளோபொஸ்பமைட்டும் வேண்டும். இரண்டும் வெவ்வேறு வழிகள். இரண்டாவது வழியில் ஓர் இளம்பெண் கொடுக்கும் விலைகளில் ஒன்று, சூலகங்கள் பாதிக்கப்பட்டுப் பிள்ளைப்பேறே இல்லாமற்போகக்கூடிய ஆபத்து.

எம்.ஆர்.ஐ.யில் பல வரிசைகள், அதாவது படமெடுக்கும் முறைகள், உண்டு. அவற்றில் டிஃபியூஷன் எனப்படும் பரவல் வரிசை, திசுவுக்குள் நீர் மூலக்கூறுகள் எவ்வளவு தாராளமாக அசைகின்றன என்பதைப் பார்க்கிறது. குருதி கிடைக்காமல் கலங்கள் வீங்கும்போது அந்த அசைவு தடைப்பட, அந்த இடம் மணிக்கணக்குக்குள்ளேயே வெள்ளையாக ஒளிரும். ஆனால் அந்த ஒளி நிலைப்பதில்லை. ஒன்று முதல் இரண்டு கிழமைக்குள் அது மங்கிவிடும். அதற்குப் பின்னர் ஃபிளெயர், ரி2 வரிசைகளில் தழும்பு தெரியும். அது போன கிழமைத் தழும்பா, மூன்று ஆண்டுப் பழையதா என்று சொல்வது கடினமாகிவிடும். கடோலினியம் என்ற சாயமருந்தை நாளத்தில் ஏற்றினால் ஓரளவு பிரித்தறிய வழியுண்டு. ஆனால் சிறுநீரகத்தின் வடிகட்டும் வேகம் 30க்குக் கீழே இறங்கியவர்களுக்கு அதைக் கொடுக்கத் தயங்குவார்கள். பழைய வகைக் கடோலினியம் அத்தகையோரின் தோலையும் உள்ளுறுப்புகளையும் இறுகச் செய்யும் நோயொன்றோடு தொடர்புடையது என்பது 2006இல் வெளிச்சத்துக்கு வந்தது. சிறுநீரகம் கெடும்போது குருதியில் ஏறும் கிரியேற்றினின் என் மகளுக்கு அந்நாட்களில் ஏறியிருந்ததால் அவளுக்கும் ஏற்றவில்லை. அது சரியான முடிவே.

அவளுடைய 21ஆம் நாள் அறிக்கை என் முன்னால் இருக்கிறது. வலப்பக்க நெற்றிமடலின் வெண்பொருளில் மூன்று சிறு புள்ளிகள். பரவல் வரிசையில் ஒளிர்வு இல்லை. காலம் நிர்ணயிக்க முடியவில்லை. குருதியில், அதை உறையச் செய்யும் அந்தப் பிறபொருளெதிரிகளும் இருந்தன. முள்ளந்தண்டில் எடுத்த பாய்பொருளில் கிருமியில்லை; ஆனால் அழற்சியின் சாயல் இருந்தது. உறைவு இப்போதுதான் நடந்ததா என்று தெரியாதபோது, அதை நடக்கவில்லை என்று எந்த வைத்தியரும் விட்டுவிட முடியாது. அழற்சியையும் விட்டுவிட முடியாது. ஆகவே இரண்டு மருந்துகளும் கொடுக்கப்பட்டன. அவள் பிழைத்தாள், படிப்பை மீண்டும் தொடர்கிறாள், வாபரின் குடிப்பதால் முருங்கையிலைச் சுண்டலை ஒரு கிழமை நிறையவும் மறுகிழமை இல்லாமலும் உண்ணக்கூடாது என்று என்னையே கண்டிக்கிறாள். இரண்டு மருந்துகளில் ஒன்று தேவைப்படாமலே போயிருக்கலாம் என்பதை மட்டும் எங்களால் இனி ஒருநாளும் அறிய முடியாது. இரண்டாம் கிழமைக்குள் எடுத்திருந்தால் அறிந்திருக்கக்கூடும்.

ஆகவே நான் கேட்பது புதிய இயந்திரமொன்றை அல்ல. உளப்பிறழ்வு, குழப்பநிலை, வலிப்பு ஆகியவற்றில் ஒன்றோடு வரும் எவருக்கேனும் மூளைப் படம் கேட்கும்போது, லூபஸ் உண்டா, குடிக்கும் ஸ்ரிரொயிட்டின் அளவு என்ன, காய்ச்சல் உண்டா, இரத்த அழுத்தம், கிரியேற்றினின், பிளேற்லற் எவ்வளவு, குணங்குறிகள் தொடங்கிய திகதி எது, இந்தப் படத்திடம் நாம் கேட்கும் கேள்வி என்ன என்பவற்றை எழுதாமல் கோரிக்கைப் படிவம் விடுதியை விட்டுப் போகாதிருக்க ஒழுங்கு செய்யுங்கள். தொடங்கிய திகதி என்ற ஒன்றே படத்துக்கான அவசரத்தைத் தீர்மானிக்கப் போதுமானது; பத்தாம் நாளில் இருப்பவரின் படிவமும் ஆறு மாத முதுகுவலிக்காரரின் படிவமும் ஒரே வரிசையில் காத்திருக்கக்கூடாது. லூபஸ் என்று எழுதப்பட்டிருந்தால், பரவல் வரிசையும் நுண்ணிய குருதிக்கசிவைக் காட்டும் வரிசையும் தேவைக்கேற்ப நாளங்களின் படமும் சேர்த்தே எடுக்கப்படட்டும். நோயாளி அமைதியற்றிருந்தால் அரைமணி நேரத்துக்கு மேல் அசையாமல் கிடக்கமாட்டார்; மயக்க மருந்துக்கான ஏற்பாடு இல்லாமல் அனுப்பிக் கலங்கிய படத்தோடு திரும்பி வருவதால் இன்னுமொரு கிழமை போய்விடும்.

மனநலப் பிரிவுக்கு மாற்றுவதற்கு முன்னர், படம் சுத்தம் என்ற ஒரு வரியை வைத்து லூபஸை விலக்காதீர்கள் என்பது அடுத்த வேண்டுகோள். படத்தில் ஒன்றுமில்லை என்றால் சிறுநீர்ச் சோதனையும் குருதிச் சோதனைகளும் முள்ளந்தண்டுப் பாய்பொருளும் பேசவேண்டும். முள்ளந்தண்டில் ஊசி போட்டால் கால் விழுந்துவிடும் என்று எங்கள் சனங்கள் பயந்து கையெழுத்து வைக்க மறுப்பதை நான் விடுதியிலேயே கண்டேன். அதை விளங்கப்படுத்த ஐந்து நிமிடம் செலவழித்தால் பெரும்பாலோர் சம்மதிப்பார்கள். நானும் முதலில் மறுத்தவள்தான்.

எங்கள் மண்ணுக்கே உரிய ஒரு சிக்கலையும் குறிப்பிடவேண்டும். எம்.ஆர்.ஐ. அறைக்கு வெளியே என் பக்கத்தில் இருந்த வன்னியைச் சேர்ந்த அம்மா ஒருவரிடம், உடம்பில் இரும்பு ஏதும் உண்டா என்று கேட்டார்கள். அவர் தாலிக்கொடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, “காலுக்குள்ள செல் துண்டு கிடக்குதம்பி, அது கழட்டேலாது” என்றார். அன்று அவருக்குப் படம் எடுக்கவில்லை. எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வேறொரு நாள் வரும்படி திருப்பி அனுப்பினார்கள். காந்தத்தின் முன் இரும்புத் துண்டு அசையலாம் என்பதால் அந்த எச்சரிக்கை சரியானதே; கண்ணுக்கருகிலோ முண்ணாணுக்கருகிலோ இருந்தால் அது பேராபத்து; தசைக்குள் ஆண்டாண்டாக இறுகிக் கிடக்கும் துண்டென்றால், பரிசீலித்தபின் பெரும்பாலும் எடுக்கலாம். ஆனால் போர் நடந்த மாகாணத்தில் இந்தக் கேள்வியை எம்.ஆர்.ஐ. அறையின் வாசலில்தானா முதன்முதலாகக் கேட்கவேண்டும்? லூபஸ் கிளினிக்கில் முதல் நாளே கேட்டு, எக்ஸ்ரே எடுத்து, கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதி வைத்தால், அவசரம் வரும் நாளில் ஒரு திகதி மிச்சமாகும்.

படங்களை இறுவட்டில் பதிந்து நோயாளியிடமே கொடுங்கள். கொழும்புக்கு அனுப்பப்படும் ஒருவர் 400 கிலோமீற்றர் பயணம் செய்து, ஒற்றை வரி அறிக்கையை மட்டும் நீட்டி, அங்கே மீண்டும் முதலிலிருந்து தொடங்குவது வீண். பழைய படம் பக்கத்தில் இருந்தால் எந்தப் புள்ளி புதியது என்று அங்குள்ளவர் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார். அறிக்கையோடு நான்கு வரித் தமிழ் விளக்கமும் வேண்டுமென்று கேட்பது மிகையாகத் தோன்றலாம். மானிப்பாயில் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே உடற்கூற்று நூல்களைத் தமிழாக்கி, மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த ஊர் இது. 1978 முதல் மருத்துவ பீடத்தோடு பல்கலைக்கழகம் இயங்கும் ஊர். நான்கு வரி இங்கே முடியாத காரியமல்ல.

மூளைப் படத்தில் எம்.ஆர். நிறமாலையியல், பி.ஈ.ரி. போன்ற மேலும் நுண்ணிய முறைகள் இருப்பதை அறிவேன். அவற்றைக் கேட்கவில்லை. அவை பெரும்பாலும் இன்னும் ஆய்வுக்குரியவையே. அவற்றை வைத்து ஒரு நோயாளிக்கு மருந்தைத் தீர்மானிக்கும் நிலை இன்னும் வரவில்லை. அதைவிட, மாதமொருமுறை பொது மருத்துவ, மனநல, கதிரியல் நிபுணர்கள் ஒரே மேசையில் அமர்ந்து இத்தகைய ஐந்தாறு பேரின் படங்களைச் சேர்ந்து பார்ப்பது அதிக பலன் தரும் என்று நினைக்கிறேன். தெல்லிப்பழை, பருத்தித்துறை, சாவகச்சேரி போன்ற ஆதார வைத்தியசாலைகளில் உள்ளவர்களும் தொலைபேசித் திரை வழியாக அதில் சேரலாம்.

என் மகள் இம்மடலை வாசித்து, தன் பெயர் வரக்கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு சம்மதித்திருக்கிறாள். பெயர்கள் மறைக்கப்பட்ட இரண்டு கோரிக்கைப் படிவங்களின் பிரதிகளையும் இரண்டு அறிக்கைகளையும் உங்கள் கூட்டத்துக்குக் கொண்டுவந்து தர நான் ஆயத்தமாக இருக்கிறேன். புதிய படிவத்துக்கான மாதிரி ஒன்றையும் எழுதி வைத்திருக்கிறேன். அது அரைப்பக்கத்தைத் தாண்டவில்லை.

இங்ஙனம்,
லூபஸ் நோயாளி ஒருவரின் தாய்,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
வடமராட்சி, யாழ்ப்பாணம்.